அப்பா மூடிய மடை

சனிக்கிழமை காலை ஏழு மணி. நைட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம்... அப்பாவின் இடுப்புப் பையைக் கழற்றித் தராசில் வைத்ததுதான்!

சிரிக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் அளந்து நோட்டில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்பாவின் இடுப்பில் இருந்த பம்ப்பை மட்டும் விட்டுவிடுவேனா?

பம்ப் என்றதும் மோட்டார், ஒயர் என்று கற்பனை செய்ய வேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஃபீடிங் பாட்டில் சைஸில் ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஒரு பலூன். அதில் 230 மில்லி மருந்தை நிரப்பிவிடுகிறார்கள். பலூன் சுருங்கச் சுருங்க, மருந்து மெல்லிய குழாய் வழியாக, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பதித்திருக்கும் 'போர்ட்'டுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. பேட்டரி கிடையாது. கரண்ட் கட்டைப் பற்றிக் கவலையும் கிடையாது. வேகம்? மணிக்கு 5 மில்லி. அதாவது ஒரு டீஸ்பூன்! சனி, ஞாயிறில் எங்கள் ஊர் ரேஸ் டிராக்கில் கார்கள் காதைக் கிழிக்கிற வேகத்துக்கு, இது ஆமையைவிட மோசம்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மருந்து, மொத்தம் பன்னிரண்டு தடவை என்றார் டாக்டர். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு பம்ப்பை மாட்டி அனுப்பிவிடுவார்கள். நாற்பத்தாறு மணி நேரம் கழித்து, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போய்க் கழற்ற வேண்டும். நடுவில் வீட்டுச் சாப்பாடு, சொந்தக் கட்டில், டி.வி. சீரியல் எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரி வாசமே அப்பாவுக்கு ஆகாது. அதனால் அவருக்கு ஏக சந்தோஷம்.

மருந்தின் பெயர் ஃப்ளூரோயூராசில். 1957-இல் அமெரிக்காவில் ஹைடல்பெர்கர் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலான பழைய மருந்து. ஊசியாக ஒரேயடியாகப் போட்டால் பத்து, இருபது நிமிடத்தில் ரத்தத்தில் பாதி காலி. புற்று செல்லோ எல்லாம் ஒரே நேரத்தில் பெருகுவதில்லை. ஒன்று இப்போது, இன்னொன்று நாளைக்கு. பெருகுகிற நேரத்தில்தான் இந்த மருந்தின் அடி பலமாக விழும். அதனால்தான் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக அனுப்புகிறார்கள்.

இப்படி உடம்போடு பம்ப்பைக் கட்டிக்கொண்டு திரிவது புதிதல்ல. 1960-களின் ஆரம்பத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்ட் காடிஷ் என்ற டாக்டர் செய்த இன்சுலின் பம்ப் முதுகில் மூட்டையாகச் சுமக்கிற சைஸ்! இப்போது செல்போன் அளவுக்கு வந்துவிட்டது. தலசீமியா வந்த குழந்தைகள் உடம்பில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற, இரவெல்லாம் வயிற்றில் ஊசியோடு, பக்கத்தில் பம்ப்போடு தூங்கி வளர்ந்த கதைகள் ஏராளம்.

சரி, தராசுக்கு வருவோம். காய்கறி நிறுக்க என் மனைவி வாங்கிய டிஜிட்டல் தராசு அது. மாட்டிய அன்று 300 கிராம். வெள்ளி ராத்திரி ஒன்பதரைக்கு 142. கணக்குப்படி சனி காலை 95 கிட்டே இருக்கணும்.

காட்டியது 140!

தூக்கமெல்லாம் பறந்துவிட்டது. மனைவி ஆறு மணிக்கே அவள் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள். நான் வருகிறவரைக்கும் அப்பா தனியாகத்தான் இருந்திருக்கிறார். கை நடுங்க, ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பரைப் போட்டேன்.

"குழாய் எங்கயாவது மடங்கியிருக்கா பாருங்க சார். கிளாம்ப் மூடியிருக்கா?" என்றார் சிஸ்டர்.

பார்த்தேன். வெள்ளைக் கிளாம்ப் கெட்டியாக மூடியிருந்தது.

"திறந்துவிடுங்க. பலூனை அமுக்கி வேகப்படுத்தப் பார்க்காதீங்க. போர்ட் பக்கம் வலி, வீக்கம் இருந்தாலும், ஒரு மணி நேரத்துல எடை குறையலேன்னாலும் உடனே கூட்டிட்டு வாங்க. ரொம்ப நேரம் நின்னிருக்கு, குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம்."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் விசாரணை நடந்தது.

"நான்தாண்டா மூடினேன். பத்து மணி இருக்கும்," என்றார் அப்பா, ஒரு சங்கடமும் இல்லாமல்.

"ஏம்ப்பா?"

"தூங்கப் போறப்ப மோட்டாரை ஓட விட்டுட்டா போவாங்க? மருந்து இன்னா வெலை விக்குது!"

எனக்கு வந்த கோபத்தில்... ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கிறவரைக்கும் ஏரிப் பாசனமும் அஞ்சு ஹெச்.பி. மோட்டாருமாக வாழ்ந்த மனுஷன். 1998-இல் எங்கள் ஊரிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தபோதுகூட, "இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டவர். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமான பிறகும், தேவையில்லாமல் மோட்டார் ஓடினால் ராத்திரி எழுந்து போய் நிறுத்திவிட்டு வருவார். மருந்து உடம்பில் இருக்கும் நாட்களில் கக்கூஸில் இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணச் சொன்னதற்கே, "தண்ணிய இப்பிடியா வாரி எறைப்பாங்க?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனார்.

தப்பு என் பேரில். குழாயைக் காட்டினேன், கிளாம்ப்பைக் காட்டினேன். மருந்து கொட்டினால் கையுறை போடணும், சோப்பு போட்டுக் கழுவணும் என்றெல்லாம் ஒப்பித்தேன். தோலோடு ஒட்டிய அந்தச் சின்ன முனையைப் பிரிக்காதே, உடம்புச் சூட்டில்தான் வேகம் சரியாக இருக்கும் என்றும் சொன்னேன். ஏன் இரண்டு நாள் விடாமல் ஓடணும் என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். பம்ப் யார் இடுப்பில்? அவர் இடுப்பில்!

"அப்பா, சொட்டு நீர்ப் பாசனம் தெரியுமில்ல?"

"ஏன், தெரியாம?"

"அதுதான் இது. மடையைத் தொறந்து ஒரேயடியா விட்டா மேல ஓடிப் போயிடும். வேர்ல நிக்காது. நிறுத்தி நிறுத்தி விட்டாலும் காஞ்சுடும்."

அப்பா கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாப்பத்தாறு மணி நேரம்னுதானே சொன்ன. கூலிக் கணக்கு மாதிரி!"

எட்டு மணி சுமாருக்குத் தராசில் வைத்தேன். 135. அந்த அஞ்சு கிராமுக்கு என் கம்பெனியில் எந்த மதிப்பும் கிடையாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டியது ராத்திரி ஒன்பதுக்குத்தான் முடிந்தது. பகல் வார்டு பூட்டியிருக்கும். சிஸ்டர் போனில் சொல்லிவைத்திருந்தபடி எமர்ஜென்ஸிக்குப் போய்க் கழற்றினோம். எனக்கு அன்றைய நைட் ஷிஃப்டும் போச்சு. மருந்து மட்டுமா வீட்டுக்கு வருகிறது? நர்ஸ் உத்தியோகமும் கூடவே வருகிறது. புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட் என்று ஓடுகிற இந்த ஏரியாவில், அதற்கு யார் லீவு கொடுப்பார்கள்? பக்கத்து ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு தொழிற்பூங்காவுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பம்ப் கிடைத்துவிடும், பார்த்துக்கொள்ள ஆள்?

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். அடுத்த தடவையிலிருந்து தராசும் நோட்டும் அப்பா கையில். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே நிறுத்து எழுதுகிறார். போன வாரம் லைனில் நிற்கும்போது போன் வந்தது. சூப்பர்வைசர் முறைக்க, பதறி எடுத்தேன்.

"டேய், கணக்குக்கு ரெண்டு கிராம் ஜாஸ்தி காட்டுது. ஒன் தராசுல ஏதோ கோளாறு. வேற வாங்கு!"