அப்பாவோட யெஸ்டி, 9,000 ரூபாய் வாடகை, ஒரு தேர்ட் பார்ட்டி பாலிசி

போன வீடியோவுல என் பின்னாடி நின்ன மெரூன் கலர் யெஸ்டியைப் பத்தித்தான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பேசினது என்னவோ பி.எஃப். பத்தி! சரி, அந்த வண்டியை பிக்கப்ல ஏத்திச் சென்னைக்குக் கொண்டுவந்த கதையையும் கணக்கையும் எழுதிடறேன்.

அது அப்பாவோட வண்டி. மைசூர் ஐடியல் ஜாவாவுல தயாரான 250 சிசி, 1978-ல ரெஜிஸ்டர் பண்ணது. அப்பா போனப்புறம் காரைக்குடி வீட்டுக் கொட்டகையில மூணு வருஷம் தூசி படிஞ்சு நின்னுச்சு. பழைய இரும்புக்காரர் 12,000-க்குக் கேட்டார். அம்மா "கொடுத்துடுடா"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அதுக்கு மேல என்னால விக்க முடியல.

முதல் வேலை ஆர்.சி. உரிமையாளர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் கொடுத்து, 3 மாசத்துக்குள்ள ஃபார்ம் 31-ல பெயர் மாத்த விண்ணப்பிக்கணும். ஊருக்கெல்லாம் கெடு தேதி சொல்ற ஆடிட்டர் நான், இதைத் தவறவிட்டேன். தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் கட்டித்தான் என் பெயருக்கு வந்துச்சு.

அடுத்து வண்டி வாடகை. தனி பிக்கப்னா 16,000, ரிட்டர்ன் லோடுனா 9,000. 7,000 மிச்சம்னு சந்தோஷமா ரிட்டர்ன் லோடு போட்டேன். டிரைவர் அண்ணன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, நைலான் கயித்தால நாலு சுத்து சுத்தினார். பக்கத்துலயே வேற யாரோட இரும்பு பீரோ ஒண்ணு. "சார், நூறு வண்டி ஏத்திருக்கேன், கவலைப்படாதீங்க." ஏதோ ஒரு வேகத்தடையில கயிறு தளர்ந்து, பீரோ சாய்ஞ்சு, பெட்ரோல் டேங்க்ல உள்ளங்கை அகலத்துக்கு டெண்ட். ஹெட்லைட் கண்ணாடியும் போச்சு. டிங்கரிங், பெயின்ட், தேடிப் பிடிச்ச ஹெட்லைட்னு 8,500 ஆகும்னாங்க. மிச்சம் பண்ண 7,000 அதுலயே போயிடும்!

இப்பதான் முக்கியமான இடம். "இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு பாலிசியை எடுத்தேன். அது வெறும் தேர்ட் பார்ட்டி. நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கு அதுல ஒரு ரூபாய்கூட வராது. ஓன் டேமேஜ் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியா இருந்தா, வண்டியை ரோடுலயோ ரயில்லயோ ஏத்திக் கொண்டுபோகும்போது ஆகிற சேதத்துக்கும் கவர் உண்டு. இது பாலிசி வாசகத்துலயே இருக்கு, நம்ம யாரும் படிக்கிறதில்ல. ஆனா அதுலயும் 10 வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்பு பாகங்கள்ல 50% தேய்மானம் கழிச்சிட்டுத்தான் தருவாங்க. 5 வருஷத்துக்கு மேல பழசான வண்டிக்கு ஐ.டி.வி. என்னங்கிறதை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். அதனால ஆன்லைன்ல கிளிக் பண்ணி முடிக்காம, நேர்ல ஆபீஸுக்குப் போய்க் கேளுங்க.

இன்னொரு வழி, ஒரு பயணத்துக்கு மட்டும் எடுக்கிற டிரான்சிட் இன்சூரன்ஸ். அதுல ஏ, பி, சி-ன்னு மூணு வகை. சி-ல தீ, மின்னல் மட்டும். பி-ல லாரி மோதினாலோ கவிழ்ந்தாலோ கவர் ஆகும். பீரோ சாய்ஞ்ச என் கேஸுக்கு ஏ தான் வேணும்.

டிரான்ஸ்போர்ட் கம்பெனி மூலமா அனுப்புறீங்களா? அவங்க போடுற ரசீதுல பொருளோட மதிப்பு எவ்வளவுன்னு பாருங்க. 2007 சட்டத்தோட விதிகள்படி, கூடுதல் மதிப்பு சொல்லி, அதுக்கான கட்டணம் கட்டாத வரைக்கும் அவங்க பொறுப்பு வாடகையில 10 மடங்கு வரைதான். அதுவும் ரசீதுல எழுதின மதிப்பைத் தாண்டாது. "சும்மா 5,000-னு போட்டுக்கலாம் சார்"னு சொன்னா தலையாட்டிடாதீங்க. நஷ்டம்னா புக் பண்ண நாள்லேருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுத்தாகணும். என்கிட்ட ரசீதே இல்ல, அண்ணனோட ஃபோன் நம்பர் மட்டும்தான்.

ஏத்துற முறையை அப்புறம் மெக்கானிக் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். பெட்ரோலை வடிச்சிடணும், பேட்டரி வயரைக் கழட்டிடணும். ஸ்டாண்டே போடக்கூடாது. முன் சக்கரத்தை கேபின் பக்கத் தடுப்புல முட்டவிட்டு, ஹேண்டில்பாருக்குக் கீழ ஃபோர்க் கிளாம்ப்லேருந்து ரெண்டு பக்கமும் ராட்செட் பெல்ட் போட்டு, ஃபோர்க் பாதி அமுங்குற அளவுக்கு இறுக்கணும். பின்னாடியும் ரெண்டு பெல்ட். குரோம்ல பெல்ட் உரசுற இடத்துல பழைய துணி. 30 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை பார்க்கணும்.

"இதை வித்தா டேக்ஸ் உண்டா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற பைக் மூலதனச் சொத்துல வராது, அதனால கேபிடல் கெயின்ஸ் இல்ல. வாங்கி வாங்கி விக்கிறவங்க கதை வேற, அது பிசினஸ் வருமானம். அப்புறம், 2021 விதிப்படி ரெஜிஸ்டர் ஆகி 50 வருஷம் தாண்டினாத்தான் சட்டப்படி விண்டேஜ். மறுபதிவுக்கு 5,000 கட்டணம். ஆனா அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்ட முடியாது. ஞாயித்துக்கிழமை டீக்கடைக்குப் போறதுக்காகவே நான் அந்தப் பக்கம் போகப்போறதில்ல.

ஹெட்லைட் மட்டும் மாத்தினேன், டேங்க் அப்படியே இருக்கு. சென்னை வந்த அம்மா அந்த டெண்டைத் தடவிப் பார்த்துட்டு, "உங்கப்பா 84-ல இதைவிடப் பெருசா ஒண்ணு போட்டுக்கிட்டு வந்தார்டா"ன்னு சிரிச்சாங்க.