பெட்ரோலுக்குள் சுழலும் மோட்டார்

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி ஜிப்சியில் எம்பிஎஃப்ஐ இன்ஜினை ஏற்றிக்கொண்டிருக்கும் கோவை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பெட்ரோல் பம்புக்குச் சாவியிலிருந்தே டைரக்டாகக் கரண்ட் கொடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். ரிலே, ஈசியூ என்று இத்தனை ஒயர் எதற்கு?"

1985இல் வந்த 970 சிசி ஜிப்சியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேம் தண்டு தட்டத் தட்ட உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்கி பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தமே போதும். இன்ஜெக்டருக்கோ ஏறத்தாழ 3 பார் வேண்டும். 2000இல் ஜிப்சிக்கு இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வந்தபோது கரண்டில் ஓடும் பம்ப் வந்தது. இன்ஜின் நின்றால் பம்பும் தானாக நிற்கும் என்ற பழைய பாதுகாப்பு அதோடு போய்விட்டது. அதைத் திரும்பக் கட்டிக்கொடுப்பதுதான் நீங்கள் கேட்கும் அந்த ஒயர்களின் வேலை.

அதற்கு முன், பல வருடங்களாக என்னை விடாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பெட்ரோல் அதன் மோட்டாரைச் சுற்றிப் போவதில்லை, மோட்டாருக்கு உள்ளேயே நுழைந்து காயிலையும் கார்பன் பிரஷ்ஷையும் நனைத்துக்கொண்டு மறுமுனையில் வெளியேறுகிறது. எங்கள் ஊர்த் தோட்டத்துப் போர்வெல்லில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாரும் தன்னைச் சுற்றியுள்ள நீரால்தான் குளிர்கிறது. நீர் வற்றிய பிறகும் ஓடவிட்டால் காயில் கருகிவிடும். ஆனால் அந்த மோட்டாரில் பிரஷ் கிடையாது, தீப்பொறிக்கு இடமில்லை. கார் பம்புகளில் பெரும்பாலானவற்றில் பிரஷ் உண்டு. அது உரசும் இடத்தில் சிறு சிறு பொறிகள் பறந்துகொண்டே இருக்கின்றன, அதுவும் பெட்ரோலுக்குள்!

ஏன் வெடிப்பதில்லை? பெட்ரோல் எரிய வேண்டுமானால் அதன் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்க வேண்டும். திரவத்துக்குள் காற்றே இல்லை. டேங்கில் பெட்ரோலுக்கு மேலே உள்ள இடத்திலோ நம் ஊர் வெயிலில் ஆவி அந்த மேல்வரம்பைத் தாண்டி அடர்ந்து நிற்கிறது. நெருப்பு பற்றிக்கொள்ளக் காற்று போதாது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தபோதே அதன் பம்பில் பெட்ரோல் மோட்டாருக்குள் புகுந்துதான் போனது. துணிந்து இப்படி யோசித்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பம்ப் பொருத்துவதற்காகப் பழைய டேங்கை வெட்டி வெல்டிங் வைக்கிறார்கள். பெட்ரோலை வடித்துக் காயவைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்ற நினைப்பு. வடித்த டேங்கில்தான் ஆவி அடர்த்தி குறைந்து, காற்றோடு சரியான அளவில் கலந்து நிற்கும். நிறைந்த டேங்கைவிட அது கொடியது. தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். பம்போடு வரும் டேங்கையே தேடி வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கக்கூடிய பொருள்தான். டேங்குக்கு உள்ளே போகும் ஒயரும் பம்போடு வந்ததாக இருக்கட்டும். கடையில் வாங்கும் சாதாரண பிவிசி ஒயரின் உறை பெட்ரோலில் ஊறிக் கெட்டுவிடும்.

இப்போது ரிலே. அதன் கால்களில் இருக்கும் எண்கள் ஜெர்மானியத் தர விதிப்படி வந்தவை. 30 பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது, 87 பம்புக்குப் போவது, 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சிறு காயிலுக்கு. காயிலின் ஒரு முனைக்குச் சாவி கரண்ட் கொடுக்கும், மறுமுனையை இன்ஜினின் கணினியான ஈசியூ எர்த் செய்யும். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி பம்ப் முனகிவிட்டு அடங்குகிறதே, அது ஈசியூ அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருப்பது. இன்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் மறுபடி ஓடவிடும். எழுபதுகளில் வந்த எல்-ஜெட்ரானிக்கில் இதையே இன்னும் எளிமையாகச் செய்தார்கள். இன்ஜின் இழுக்கும் காற்று ஒரு சிறு கதவைத் தள்ளும், கதவு நகர்ந்தால் பம்பின் சுவிட்ச் சேரும். காற்று நின்றால் பம்பும் நிற்கும்.

டைரக்டாகக் கொடுத்த வண்டி கவிழ்ந்தது என்று வையுங்கள். இன்ஜின் நின்றுவிட்டது, ஓட்டியவருக்கு நினைவில்லை, சாவி போட்டபடியே இருக்கிறது. அறுந்த ஹோஸ் வழியாகச் சூடான இன்ஜின்மேல் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஒரு ரிலேயின் விலையை மிச்சப்படுத்த இதை ஏற்கலாமா? நம் பட்டறைகளில் கைவேலைத் திறமைக்குக் குறைவே இல்லை. "ஓடுதுல்ல, போதும்" என்று கைகழுவுவதுதான் பொறுக்கவில்லை. இன்ஜின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும் என்பதையும் பலர் வண்டி பிடிபட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

ஒயரின் பருமனிலும் கஞ்சம் வேண்டாம். பம்ப் 7 ஆம்பியர் இழுத்தால், 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயரில் நான்கு மீட்டருக்குள் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். வோல்ட் குறைந்தால் மோட்டாரின் வேகம் குறையும், பெட்ரோல் குறையும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் திணறி, சூடேறி, தட்டத் தொடங்கும். இன்ஜெக்டரைக் கழற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள், எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. ஜிப்சியில் பாடி வேறு, சேசிஸ் வேறு, நடுவில் ரப்பர். பெயின்ட்மேல் முறுக்கிய ஒரு ஸ்க்ரூவை எர்த் என்று நம்பாமல், பம்பின் எர்த் ஒயரையும் அதே பருமனில் எடுத்து, பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கி, அங்கிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தடையில்லாத வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் ஒருமுறை, பம்பின் இரண்டு முனைகளில் ஒருமுறை மல்டிமீட்டர் வையுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிங்கைத் திரும்பப் பாருங்கள். பிறகு கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைத் தொடாமல் டேங்க் பக்கம் காதைக் கொடுங்கள். சில விநாடிகளுக்குள் பம்ப் அடங்கியிருக்க வேண்டும்.