சிஎன்சி லேத்: ‘சைக்கிள் ஸ்டார்ட்’ அமுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய 5 விஷயங்கள்

அறுவடை நேரத்தில் வயலில் நிற்கும் அறுவடை இயந்திரத்தின் ஷாஃப்ட் தேய்ந்துபோனால், டெல்டாவில் அடுத்த போன் லேத் பட்டறைக்குத்தான். போர்செட் பம்ப்பின் ஷாஃப்ட், ரைஸ் மில்லின் புஷ், டிராக்டரின் பின் என எல்லாவற்றையும் கடைந்து கொடுப்பது அந்தப் பட்டறைகள்தான். ஆனால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு துவாக்குடி, கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று வேலைக்குப் போகும் இளைஞர்கள் முன்னால் நிற்பது பெரும்பாலும் சிஎன்சி லேத்.

அங்கே இரண்டு வகை ஆட்கள் உண்டு. பீஸை மாட்டி, பட்டனை அமுக்கி, கழற்றுபவர் ஆபரேட்டர். எந்த டூல், எவ்வளவு வேகம், ஆஃப்செட் எவ்வளவு என்று முடிவு செய்பவர் செட்டர். சம்பளத்திலும் மரியாதையிலும் இருவருக்கும் இடையே பெரிய தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? 40 மி.மீ. இஎன்8 ராடை 35 மி.மீ. பம்ப் ஷாஃப்ட்டாகக் கடைவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரே வேலையை வைத்துப் பார்க்கலாம்.

1. இன்சர்ட் டப்பாவைப் படிக்கத் தெரியணும்

டப்பா மேல் ‘சிஎன்எம்ஜி 120408’ என்று இருக்கும். ஏதோ பார்ட் நம்பர்னு கடந்து போகக் கூடாது. ‘சி’ என்றால் 80 டிகிரி கோண வடிவம். ‘என்’ என்றால் பக்கச் சரிவு இல்லாதது, அதனால் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். ஒரு இன்சர்ட்டில் 4 முனை கிடைக்கும். கடைசியில் உள்ள ‘08’தான் முக்கியம். முனையின் ஆரம் 0.8 மி.மீ. என்று அர்த்தம்.

டப்பாவின் நிறமும் பேசும். நீலம் ஸ்டீலுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியம் போன்ற இரும்பல்லாத உலோகங்களுக்கு. நம் ஷாஃப்ட்டுக்கு நீலம்.

ஃபினிஷிங் சரியில்லை என்றால் பலர் உடனே இன்சர்ட்டை மாற்றுவார்கள். முதலில் ஃபீடைப் பாருங்கள். ஃபீடை ஃபீடாலேயே பெருக்கி, முனை ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் மேற்பரப்பில் விழும் வரியின் ஆழம் உத்தேசமாகக் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடு, 0.8 ஆரம் என்றால் சுமார் 6 மைக்ரான். ஃபீடைப் பாதியாக, 0.1 ஆகக் குறைத்தால் சுமார் 1.6 மைக்ரான். பாதி ஃபீடு, கால்வாசி சொரசொரப்பு. இந்தக் கணக்கு தெரிந்தால் பாதி இன்சர்ட் மிச்சம்.

2. ஸ்பீடுக்கு மூக்கணாங்கயிறு போடணும்

கட்டிங் ஸ்பீடு என்பது நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. அதை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தாலும் 3.14-ஆலும் வகுத்தால் ஆர்பிஎம் வரும். 200 மீட்டர் வேகம், 40 மி.மீ. ராடு என்றால் சுமார் 1,590 ஆர்பிஎம்.

ஜி96 என்ற கட்டளையைக் கொடுத்தால், விட்டம் குறையக் குறைய மெஷினே ஆர்பிஎம்மை ஏற்றிக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால், முகப்பைச் சீவும்போது டூல் மையத்தை நோக்கிப் போகும். 10 மி.மீ. விட்டத்திலேயே கணக்கு சுமார் 6,370 ஆர்பிஎம். மையத்தில் மெஷின் தன் உச்ச வேகத்துக்கே ஓடும்.

அதில் என்ன ஆபத்து? சக் வேகமாகச் சுற்றும்போது அதன் ஜாக்கள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், பிடி தளரும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளுவிசை நான்கு மடங்கு. பிடி விட்டால் பீஸ் குண்டு மாதிரி பறக்கும். அதனால்தான் ஜி96-க்கு முன்னால் இந்த வரி கட்டாயம்:

ஜி50 எஸ்2000
ஜி96 எஸ்200 எம்03

2000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதே என்று முதல் வரி சொல்கிறது. இது ஃபேனக் வகை கன்ட்ரோலுக்கு. சீமென்ஸில் இதே வேலையை ‘லிம்ஸ்’ என்ற கட்டளை செய்யும். சக்கின் மேல் அதன் உச்ச ஆர்பிஎம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டவே கூடாது. மரை வெட்டும்போது மட்டும் ஜி96 வேண்டாம். ஒரே ஆர்பிஎம்மில் ஓட்டும் ஜி97 கொடுங்கள்.

3. ஒரு புள்ளி போதும், டரட் காலி

ஃபேனக் கன்ட்ரோல்கள் பலவற்றில் ‘எக்ஸ்35.’ என்றால் 35 மி.மீ. புள்ளி வைக்காமல் ‘எக்ஸ்35’ என்று எழுதினால், செட்டிங்கைப் பொறுத்து, அது 0.035 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளப்படும். டூல் கிட்டத்தட்ட மையத்துக்கே பாயும். அந்த நகர்வு ஜி00 ரேப்பிடில் இருந்தால், ‘டூல் அடிச்சிருச்சு’ என்று பட்டறையில் சொல்வார்களே, அதுதான் நடக்கும். புரோகிராமை எழுதி முடித்ததும், எக்ஸ், இசட் எண்கள் எல்லாவற்றிலும் புள்ளி இருக்கிறதா என்று தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: பொதுவாக லேத்தில் எக்ஸ் மதிப்பு என்பது விட்டம், ஆரம் அல்ல.

4. ‘இன்புட்’ வேறு, ‘பிளஸ் இன்புட்’ வேறு

35.00 வர வேண்டிய ஷாஃப்ட் 35.06 வருகிறது. டூலின் வேர் ஆஃப்செட்டில் எக்ஸ் மைனஸ் 0.06 தட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே மைனஸ் 0.10 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளஸ் இன்புட்’ அமுக்கினால் பழையதோடு சேர்ந்து மைனஸ் 0.16 ஆகும், சைஸ் சரியாக வரும். வெறும் ‘இன்புட்’ அமுக்கினால் பழையது அழிந்து மைனஸ் 0.06 மட்டும் நிற்கும். அடுத்த பீஸ் 35.10 வரும்.

உள்துளை கடையும்போது கணக்கு தலைகீழ். துளை 0.06 சிறியதாக இருந்தால் பிளஸ் 0.06. துளைக்குப் போடும் போரிங் பாரை வெளியே நீட்டுவதிலும் கவனம் வேண்டும். ஸ்டீல் பார் என்றால் அதன் தடிமனைப் போல 4 மடங்குக்குள் நிறுத்துங்கள். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு 8 மடங்கு. துளைக்குள் கேட்கும் அந்த ‘கிர்ர்’ சத்தம் பெரும்பாலும் இதனால்தான்.

5. முதல் பீஸில் அவசரம் கூடாது

புது புரோகிராமை நேராக ஓட்டக் கூடாது. அனுபவமுள்ள செட்டர்கள் செய்வது இதுதான்:

- முதலில் திரையில் கிராஃபிக் பார்ப்பது.
- பிறகு இசட் ஆஃப்செட்டை பீஸிலிருந்து 100 மி.மீ. தள்ளி வைத்து, காற்றில் ஓட்டிப் பார்ப்பது.
- உண்மையான முதல் பீஸில் ‘சிங்கிள் பிளாக்’ போட்டு, ரேப்பிடைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்துவது.
- டூல் பீஸை நெருங்கும்போது நிறுத்தி, திரையில் காட்டும் ‘மீதி தூரம்’ கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது.

திரையில் மீதி 50 மி.மீ. என்று இருந்து, கண்ணுக்கு 5 மி.மீ.தான் தெரிகிறது என்றால் ஆஃப்செட் தப்பு. கை ரீசெட் பட்டனுக்குப் போகட்டும்.

இதோடு மூன்று பழக்கங்கள்: சக் சுற்றும்போது கிளவுஸ் போட்டுக்கொண்டு கிட்டே போகாதீர்கள். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள். கொக்கி எதற்கு இருக்கு? கதவு லாக்கை எந்தக் காரணத்துக்காகவும் பைபாஸ் செய்யாதீர்கள், புரொடக்‌ஷன் டார்கெட் எவ்வளவு இருந்தாலும் சரி.

டெல்டாவுக்கு இது ஏன் முக்கியம்?

2020-இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. தாமிர உருக்காலை, ஒருங்கிணைந்த இரும்பு எஃகு ஆலை, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் போன்றவற்றுக்கு அந்தச் சட்டம் தடை போடுகிறது. லேத் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை. வயலுக்குத் தேவையான பம்ப், மில், அறுவடை இயந்திர உதிரிபாகங்களை இங்கேயே செய்ய வழி திறந்துதான் இருக்கிறது. தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களை நவீனப்படுத்த 2022-இல் டாடா டெக்னாலஜீஸுடன் ஒப்பந்தம் போட்டதும் இதுபோன்ற பயிற்சிகளுக்காகத்தான்.

பயிற்சிக்கு சொந்த மெஷின் வேண்டியதில்லை. பட்டறையில் தேய்ந்து கிடக்கும் ஒரு ஷாஃப்ட்டை வெர்னியரில் அளந்து, நோட்டில் படம் போட்டு, அதற்குப் புரோகிராம் எழுதிப் பாருங்கள். லேப்டாப் இருந்தால் சிமுலேட்டரில் ஓட்டலாம். அடுத்த இன்டர்வியூவில், ‘ஜி50 எதுக்குப்பா?’ என்று கேட்டால் திணறாமல் பதில் சொல்பவருக்கு ஆபரேட்டர் வேலையில் ரொம்ப நாள் நிற்க வேண்டியிருக்காது.