மணியோசை கேட்கும் தூரம்

கடுகு டப்பாவுக்குள் எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த ரகசியம் நமக்குள் இருக்கட்டும்! ஆனால் அந்த டப்பாவும் காலியாகி, கை வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வட்டிக் கடைப் படி ஏறிய அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இந்தக் கதை சட்டென்று புரிந்துவிடும்.

சமீபத்தில் கன்னிவாடியில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் பாளையக்காரர் ஆண்ட இடம். மேகத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். மாலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடினார்கள். மகளிர் குழுவாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான் ஆபீஸ்! ஓர் அம்மாள் விதை வாங்கக் கடன் கேட்டார்.

"போன கடன்லே ரெண்டு தவணை தப்பிச்சே, அக்கா?" என்று ஒரு சின்னப் பெண் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் தலை குனிந்தார். மாடு செத்துப்போன கதையைச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கொஞ்ச நேரம் பேசினார்கள், கொடுத்துவிட்டார்கள். நகை இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை!

தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஈடாக நிற்கிற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால், அது ஒரு மாதா கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதலில் ஜெர்மனிக்கு வாருங்கள். 1846-47 குளிர்காலம். வெஸ்டர்வால்டு மலைப் பிரதேசத்தில் பஞ்சம். வையர்புஷ் என்ற கிராமத்தின் இளம் மேயர் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், தெய்வ பக்தி மிகுந்த புராட்டஸ்டண்டுக்காரர். வசதி படைத்தவர்களிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கி, ரொட்டி சுட அடுப்பும் கட்டி, ஏழைகளுக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார். அப்புறம் போன ஊர்களிலும் தர்மவான்களை நம்பியே சங்கம் வைத்தார். தர்மவான்களின் உற்சாகம் எத்தனை நாளைக்கு? நமக்குத் தெரியாததா! 1864-இல் ஹெடெஸ்டார்ஃப் என்ற ஊரில் வழியையே மாற்றினார். கடன் வாங்குகிறவர்களே அங்கத்தினர்கள். ஒருவர் கட்டத் தவறினால் மற்ற எல்லாருடைய சொத்தும் பொறுப்பு. லாபத்தைப் பங்கு போடக் கூடாது. சேமநிதியில் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சங்கத்தின் எல்லை ஒரு கோயில் பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர் கொள்கை. கோயில் மணியோசை கேட்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குள் யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்பது ஊருக்கே தெரியும். அடகு எதற்கு?

ரைஃபைசனுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. மனைவியும் 1863-இல் காலமாகிவிட்டாள். மகள் அமாலியேதான் அவருக்குப் படித்துக் காட்டி, கடிதம் எழுதி, கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்தாள். சரித்திரப் புத்தகங்களில் தகப்பனாருக்குச் சிலை. மகளுக்கு ஒரு வரி!

நம் சென்னை ராஜதானியில், விவசாயிகளின் கடனுக்கு என்ன வழி என்று ஆராய 1892-இல் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை சர்க்கார் நியமித்தது. தடித் தடியாக இரண்டு பாகம் எழுதிய அந்த மனிதர், இந்தியாவுக்கு வேண்டியது ஒரு ரைஃபைசன்தான் என்ற முடிவுக்கு வந்தார். 1904-இல் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கமும் எழுந்தது. அந்த நாளில் இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? ஐக்கிய நாணய சங்கம். நாணயம் என்றால் காசு; நாணயம் என்றால் நேர்மையும்தான். பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்!

இனி ராஞ்சி. சோட்டா நாகபுரிக் காடுகளில் முண்டா, உராவ்ன் மக்கள் வட்டிக்காரனிடமும் ஜமீன்தாரிடமும் நிலத்தைப் பறிகொடுத்து வந்தார்கள். வெளியாரை அவர்கள் "திக்கு" என்பார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற கசப்பு கொஞ்சமல்ல. 1899 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிர்சா முண்டாவின் கிளர்ச்சி வெடித்தபோது, சர்வதா கோயில் மீதும் அம்புகள் பாய்ந்தன. அங்கே இருந்தவர் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் சேசு சபைச் சாமியார்.

அம்பு எய்தவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஏன் எய்தார்கள் என்று யோசித்தார் போலும். முண்டாக்களின் பரம்பரை நில உரிமையை 1908-ஆம் வருஷத்துக் குத்தகைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு உழைத்தார். சட்டம் நிலத்தைக் காக்கலாம். அடுத்த விதைப்புக்குப் பணம் யார் தருவது? 1909-இல் சோட்டா நாகபுரி கத்தோலிக்கக் கூட்டுறவு நாணய சங்கம் ராஞ்சியில் பதிவாயிற்று. ரைஃபைசனின் வழியேதான், பங்குக்குப் பங்கு கிளை. விதைக்கு, மாட்டுக்கு, அடகு நிலத்தை மீட்பதற்குக் கடன்.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். சங்கம் கத்தோலிக்கருக்கு மட்டும் என்றால், அதே பசியோடு இருந்த அடுத்த வீட்டுக்காரன் கதி? கோயில் சுவர் உள்ளிருப்பவர்களை இணைத்தது. வெளியிலிருப்பவர்களைப் பிரிக்கவும் செய்தது. கன்னிவாடித் திண்ணையில் நான் பார்த்தவர்கள் எல்லாருக்கும் சாமி ஒன்றல்ல. அந்த மட்டில் இவர்கள் ஹாஃப்மனைவிட ஒரு படி மேல்.

1914-இல் யுத்தம் வந்தது. ஜெர்மன்காரர் என்பதால், ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்த நாட்டில் இருந்த கிழவரை 1915-இல் வெளியேற்றிவிட்டார்கள். ஊரைக் கட்டிய ஆள் போய்விட்டால் ஊர் என்ன ஆகும்? கணக்குப் புத்தகம் சாமியாருடையதாக இருந்திருந்தால் அன்றைக்கே சங்கம் மூடியிருக்கும். மூடவில்லை. அங்கத்தினர்கள் தவணை கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு முண்டா மொழிக் கலைக்களஞ்சியத்தை எழுதிக்கொண்டிருந்த ஹாஃப்மன் 1928-இல் ட்ரியர் நகரில் கண்ணை மூடினார். ராஞ்சிக்குத் திரும்பவே இல்லை. சங்கம் 2009-இல் நூறு வயதைத் தொட்டது.

கன்னிவாடியிலிருந்து புறப்படுகிற அன்று காலையில் அந்த அம்மாளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். விதைப் பை இடுப்பில் இருந்தது. "அந்தச் சின்னப் பெண் அப்படிக் கேட்டது உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்றேன்.

"அடுத்த மாசம் அவ கடன் கேப்பா இல்லே? அப்போ நானும் கேப்பேன்!" என்றார் சிரித்துக்கொண்டே. அதற்குள் பஸ் வந்துவிட்டது.