பேசுங்கள், குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றில், பாறையைக் குடைந்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் போருக்குக் கிளம்பும்போது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. அவன் நிற்கவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறிய குதிரைப்படையோடு எதிர்த்து மாண்டபோது அவனுக்கு வயது 22. பணிவதைவிட மடிவதே மேல் என்ற புந்தேலா ராஜபுத்திர மரபில் பிறந்த பிள்ளை வேறென்ன முடிவெடுத்திருப்பான்!

சிறுவயதில் ஊட்டப்பட்டது கடைசிவரை கூட வரும் என்பதற்கு இன்று கதைகளை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அளந்தே பார்த்துவிட்டார்கள்.

ஜமைக்காவில் 1986-87இல், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத 129 ஏழைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார் சாலி கிரந்தம்-மெக்ரிகர். எல்லோரும் இரண்டு வயதைத் தாண்டாதவர்கள். ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகள், வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய்வந்தார். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் இந்த உதவி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஊட்டச்சத்து மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் இந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. சோறு போட்டால் பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் ஊரிலும் சான்று உண்டு. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை ஆராய்ந்தார்கள். பாதி மையங்களில் அரைநாள் வேலைக்கு ஒரு பணியாளர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பதிவேடு எழுதி, எடை பார்த்து, சமையலையும் கவனிக்கும் ஒரே டீச்சரால் பாடமும் பாட்டும் எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்?

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் தாய்மார்கள் விடியும் முன்பே கொல்லிக்குப் போய்விடுவார்கள். பிள்ளை வீட்டில் ஆயாவிடம் இருக்கும், இல்லையென்றால் அங்கன்வாடியில். அதனால் அந்த ஆயாவின் பேச்சும் கதையும் பொழுதுபோக்கல்ல, வளர்ப்பின் பாதி. அப்பாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாலையில் போனைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பிள்ளையோடு உட்காரலாம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு இன்னொரு பணியாளர் வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.