வெறுங்காலில் ஆடி வெள்ளையரை அசத்திய கல்கத்தா வீரர்!
தூத்துக்குடி கடற்கரை மணலில் பந்து உதைக்கும் பையனுக்கு, "பாரின் கிளப்புல ஆடணும்" என்ற ஆசை வருவது தப்பில்லை. ஆனால், போகிற வழி சரியாக இருக்க வேண்டாமா?

1936-ல் நடந்ததைக் கேளுங்கள். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் வீரர் முகமது சலீமை, உறவினர் ஹாஷிம் கப்பலில் ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனார். கிளாஸ்கோ நகரின் பிரபல 'செல்டிக்' கிளப்பில் சான்ஸ் கேட்டார். பூட்ஸ் போடாத ஆளா என்று வியந்தாலும், மானேஜர் வில்லி மேலி சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்.

காலில் பேண்டேஜ்

காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு களம் இறங்கினார் சலீம். கால்ஸ்டன் அணியை 7-1 என்று செல்டிக் நொறுக்கியது. 'இந்திய வித்தைக்காரர்' என்று பத்திரிகை புகழ்ந்தது. ஆனால், ஊர் ஞாபகம் வாட்டவே சீக்கிரமே கல்கத்தா திரும்பிவிட்டார்.

18 வயது ஆகணும்

இன்று விதிகள் கடுமை. 18 வயது ஆகாத பையனை வெளிநாட்டு கிளப் சேர்த்துக்கொள்ள, உலகக் கால்பந்து சங்கமான 'பிபா' பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏஜெண்டுக்கும் பிபா லைசென்ஸ் வேண்டும்.

"அண்ணாச்சி, பணத்தைக் கட்டுங்க, பையனை லண்டன் கிளப்புல சேர்த்துடுறேன்" என்று யாராவது வந்தால், முதலில் லைசென்ஸைக் கேளுங்கள். அந்தக் கிளப்புக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு டிக்கெட் எடுக்கலாம்!