போயிலைப் போருக்குள் கையை விட்டால் சுடும்!

மேலே போர்த்திய ஓலைப்பாயை விலக்கிவிட்டு, புகையிலை அடுக்குக்கு நடுவே முழங்கை வரை கையை விடச் சொல்வார்கள். தயங்காமல் விடுங்கள். பக்கத்தில் அடுப்பில்லை, நெருப்பில்லை, கொட்டகைக்குள் வெயிலும் எட்டவில்லை. ஆனாலும் உள்ளே சுடும்! கையை இழுக்கும்போது கூடவே ஒரு நெடி பாய்ந்து வந்து கண்ணைக் கலங்க வைக்கும். அது அம்மோனியா. அது அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்றால்தான் அசல் விருந்து: கருப்பட்டி, வைக்கோல், உலர்ந்த பழம், எங்கிருந்தோ லேசாக ரோஜா. ஆமாம், ரோஜாவேதான்! அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாசனை என்றால் எல்லோரும் மலையைத்தான் அண்ணாந்து பார்ப்போம். ஊரை ஒட்டியே சேர்வராயன் மலை, மேலே ஏற்காட்டுக் காபி. நான் கூப்பிடுவது எதிர்த்திசைக்கு. சங்ககிரி தாண்டிப் பவானிப் பக்கம், இன்னொரு வழியில் நாமக்கல், கரூர் கடந்து வேடசந்தூர் வரைக்கும். பச்சையாக இருக்கும்போது இந்த மணம் எதுவும் இல்லாத இலையை மணக்க வைக்கிற வேலை இந்தச் சமவெளியில் நடக்கிறது. பைப் புகையிலையைக் கலந்து ஊறவைத்து வருடக்கணக்கில் பொத்திவைக்கிற வெள்ளைக்காரர்களின் வித்தைக்கு அண்ணன் தம்பி முறையான வித்தை இது. அதை இங்கே பெரிதாக யாரும் பேசவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு நிறையவே உண்டு.

முதல் ஆச்சரியம் கிணற்றில் இருக்கிறது. மெல்லும் புகையிலைக்கு உப்புத் தண்ணீர்தான் உகந்தது! வேறு வெள்ளாமைக்காரர் முகம் சுளிக்கும் கிணறு போயிலைக்காட்டுக்கு வரம். அந்த உப்பு இலைக்குள் ஏறி, இலை பதமாகிப் பாடம் ஆன பிறகு மேலே வெள்ளையாகப் பூக்கும். வியாபாரி இலையை விரித்ததும் தேடுவது அந்தப் பூப்பைத்தான். அதே தண்ணீரைச் சுருட்டு இலைக்குப் பாய்ச்சினால் கெட்டது கதை. குளோரைடு கூடிய இலை சீராக எரியாது, பாதியிலேயே அணைந்துபோகும். ஒரே செடி, ஒரே மண், தண்ணீர் மாறினால் இலையின் தலையெழுத்தே மாறுகிறது. இதைக் கேள்விப்பட்ட நாளில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மாசி, பங்குனியில் வெட்டலாம். இடையில் பூங்கொத்தைக் கிள்ளிவிடுவார்கள், பக்கத்தில் வெடிக்கும் சிம்புகளை ஒடிப்பார்கள். விதைக்குப் போகவேண்டிய தெம்பெல்லாம் இலைக்குத் திரும்பும். நிகோடினும் ஏறும். வெட்டிய செடியை வாடவிட்டு, பந்தலில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். பச்சை போய்ப் பழுப்பு வரும். மெதுவாகக் காய்வதில் இலையிலிருந்த சர்க்கரை கரைந்துபோகும். போன இனிப்பைக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துத் திரும்ப ஊட்டுகிறார்கள்! அமெரிக்காவின் பர்லி இலைக்கும் இதே கதைதான். 1864-இல் ஒஹாயோவில் தற்செயலாகத் தலைகாட்டிய வெள்ளைப் பர்லியில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. அதனாலேயே ஊற்றுகிற பாகை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், பைப் கலவைக்காரர்களின் செல்லப்பிள்ளையாகவும் ஆனது.

காய்ந்ததை அம்பாரமாக அடுக்கிப் பாய் போட்டு மூடியதும் ஆரம்பிக்கிறது சூடு. நுண்ணுயிர்களும் இலையின் நொதிகளும் சேர்ந்து உள்ளே வேலை செய்கின்றன. நடு அடுக்கு 50 டிகிரி செல்சியஸைத் தொடும். நிகோடின் கொஞ்சம் குறையும், காரம் தணியும். இலைக்கு மஞ்சள் தந்த கரோட்டினாய்டுகள் உடைந்து புதுப் பொருள்களாகும். அதில் ஒன்றான டமாசெனோன் ரோஜா எண்ணெய்க்கு மணம் தரும் பொருள்களிலும் ஒன்று! ஆகவே மூக்கு பொய் சொல்லவில்லை.

ஆனால் சூடு அளவு மீறினால் இலை கருகும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். "நாளைப் பாத்துப் பிரிச்சுப் போடோணுங்க. அடியில கெடக்கறது மேல வரோணும், ஓரத்துல கெடக்கறது நடுவுல போகோணும்" என்பார் பாடம் போடுகிற பெரியவர். வெப்பமானி ஏதும் கிடையாது. புறங்கையை வைத்துப் பார்த்தே பிரிக்கும் நேரத்தைச் சொல்லிவிடுவார். பிரித்து, உதறி, மாற்றி அடுக்கி, மறுபடி மூடி, இப்படியே வாரக்கணக்கில் போகும்.

இப்போது லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதிக்கு ஒரு தாவு தாவுவோம். பெரிக் என்ற பைப் புகையிலையை அங்கே விஸ்கிப் பீப்பாய்க்குள் திணித்து, திருகுக்கட்டையால் நசுக்கி, தன் சாற்றிலேயே ஊறவிடுகிறார்கள். நடுநடுவே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, திரும்ப அழுத்தி, ஒரு வருடம் போல. தனியாகப் புகைத்தால் தாங்காத வீரியம், கலவையில் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். லட்டாக்கியா இன்னொரு தினுசு. சிரியாவிலும் சைப்ரஸிலும் வாசனை விறகின் புகையில் கருக்க வைத்த இலை. புகையூட்டுகிற வித்தையா? யாழ்ப்பாணத்தார் தேங்காய் மட்டைப் புகையிலேயே போயிலையைப் பதம்பண்ணித் திருவிதாங்கூருக்குக் கப்பலேற்றியவர்கள்! பெரிக்குக்கும் லட்டாக்கியாவுக்கும் கிடைத்த புகழில் கால்வாசியாவது நம் கொட்டகைகளுக்கும் வரவேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

புகழே வரவில்லை என்றும் சொல்லமுடியாது. திருச்சிச் சுருட்டின் சாம்பலைப் பார்த்தே ஷெர்லக் ஹோம்ஸ் துப்புத் துலக்கியது 1887-இல், அவர் தலைகாட்டிய முதல் நாவலிலேயே. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று பேர்பெற்ற திண்டுக்கல் பக்கத்து ரகங்களும், சுருட்டுப் புகையிலைக்கென்று 1948-இல் வேடசந்தூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும் இந்த மரபைச் சேர்ந்தவை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மெல்லுகிறவர் வாயில் புற்று வருகிறது, புகைக்கிறவர் நுரையீரலில் வருகிறது. எத்தனையோ குடும்பங்களில் இதற்குச் சாவு விழுந்திருக்கிறது. ஈர இலையைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தோல் வழியாகவே நிகோடின் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். இந்தக் கைத்திறனைக் கொண்டாட எனக்கு மூக்கு போதும். வாய்க்கு இங்கே வேலை இல்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

போவதானால் அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் போங்கள். போர் பிரிக்கும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாளில் போனால் ஓலைப்பாய் மட்டும்தான் கண்ணில் படும். பிரிக்கும்போது காற்று அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள், முதல் வீச்சு அம்மோனியா உங்கள் பக்கம் வராமல் போகட்டும். அப்புறம் பெரியவரிடம் அடி அடுக்கிலிருந்து ஓர் இலை, ஓரத்திலிருந்து ஓர் இலை கேட்டு வாங்கி மாற்றி மாற்றி மோந்து பாருங்கள். இரண்டும் ஒரே காட்டில் விளைந்தவை என்று நம்ப மாட்டீர்கள்!